ஐந்து ரூபா நோட்டின் கதை
கோப்பி அழிந்த காலத்தில் பிறந்த அரசாங்க நாணயத்தாள்

நாளாந்தம் நமது கைகளில் புழங்கும் பொருட்களுள் ரூபா நோட்டைப் போல நாம் வாசிக்காமலே விட்டுவிடும் பொருள் வேறொன்றில்லை. தொகையைப் பார்க்கிறோம், மடித்து வைக்கிறோம், கடையில் கொடுக்கிறோம். அதை அச்சிட்டவர் யார், அந்தக் கடதாசிக்குப் பின்னால் நிற்பது என்ன என்று கேட்பதில்லை. நாடு நெருக்கடியில் சிக்கும்போது மட்டுமே இக்கேள்வி எழுகிறது. 2022ஆம் ஆண்டில் அது எழுந்தது. நமது கையிலிருந்த ஆயிரம் ரூபா நோட்டு கிழியவில்லை, களவு போகவில்லை. ஆனால் அது வாங்கித் தந்த அரிசியும் மாவும் சில மாதங்களுக்குள் குறைந்து போயின.

இதே கேள்வி மலையகத்தில் இதற்கு 138 ஆண்டுகளுக்கு முன்பும் எழுந்தது. அந்த நெருக்கடியிலிருந்துதான் இலங்கை அரசாங்கத்தின் ரூபா நோட்டு பிறந்தது. அந்த நெருக்கடி கொழும்புக் கோட்டையின் வங்கிக் கட்டிடங்களில் வெடித்தாலும் அதன் வேர் மலைநாட்டுத் தோட்டங்களிலேயே இருந்தது. ஆகவே அந்த நோட்டின் வரலாறு நமது பாட்டன் பூட்டன்மாரின் வரலாறுமாகும். வாசகர் வட்டங்களில் இக்கட்டுரையைப் படிப்போர், முடிந்தால் ஒரு நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு படிப்பது நல்லது.

வாக்குறுதி எழுதிய கடதாசி

ஆரம்பத்தில் பணத்தாள் என்பது பணமாகக் கருதப்படவில்லை. வெள்ளி நாணயமே பணம். தாள் என்பது, "இதைக் கொண்டுவருபவர் கேட்டவுடன் இத்தனை ரூபா கொடுப்போம்" என்று எழுதிக் கையொப்பமிட்ட ஒரு வாக்குறுதி. ஒரு கடைக்காரர் துண்டுக் கடதாசியில் "இவருக்கு ஐந்து ரூபா தரவேண்டும்" என்று எழுதிக் கொடுத்தால் அதற்கு எவ்வளவு மதிப்பு? கடைக்காரர் நாணயமானவராக இருந்து, பெட்டியில் பணமும் இருந்தால் ஐந்து ரூபா. கடை மூடப்பட்டால் அது வெறும் கடதாசி.

இலங்கையில் ஒல்லாந்தர் காலத்திலேயே கடதாசிப் பணம் இருந்தது. ஆங்கிலேய அரசாங்கமும் நோட்டுகளை வெளியிட்டது. ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அந்தப் பொறுப்பு தனியார் வங்கிகளிடம் போய்ச் சேர்ந்தது. அவற்றுள் முதன்மையானது ஓரியன்டல் பாங்க் கோர்ப்பரேசன். 1842இல் பம்பாயில் தொடங்கப்பட்டு, 1845இல் தலைமையகத்தை லண்டனுக்கு மாற்றிக்கொண்ட இந்த வங்கி, 1841இல் இங்கு நிறுவப்பட்டிருந்த பழைய 'சிலோன் வங்கி'யை வாங்கி இலங்கையில் காலூன்றியது. (இன்றுள்ள இலங்கை வங்கி 1939இல் ஆரம்பிக்கப்பட்ட வேறொரு வங்கியாகும், பெயரொற்றுமையால் குழம்ப வேண்டாம்.) இந்தியா, சீனா, மொரீசியஸ், அவுஸ்திரேலியா என எங்கும் கிளைகளைக் கொண்டிருந்த இவ்வங்கி விழும் என்று எவரும் எண்ணியிருக்கவில்லை.

1872 முதல் இலங்கையில் கணக்குகள் ரூபாவிலும் சதத்திலும் எழுதப்பட்டன. புழக்கத்தில் இருந்தது இந்திய வெள்ளி ரூபா. வங்கி நோட்டு அந்த வெள்ளி ரூபாவைத் தருவதாகச் சொன்ன வாக்குறுதி.

இலையின் அடியில் செம்மஞ்சள் தூள்

1869இல் மடுல்சீமைப் பகுதியில் கோப்பி இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் நிறத் தூள் ஒன்று காணப்பட்டது. தூள் படிந்த இலைகள் பழுத்து உதிர்ந்தன. இலை உதிர்ந்த செடி மீண்டும் துளிர்த்தது, மீண்டும் உதிர்ந்தது. சில ஆண்டுகள் இப்படிப் போராடிய பின் காய்க்கும் வலுவை இழந்தது. இது ஒரு பூஞ்சண நோய். அதே ஆண்டில் இங்கிலாந்தின் தாவரவியலாளர் பேர்க்லி இதற்கு 'ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ்' என்று பெயரிட்டார். பாழாக்குவது என்பது அப்பெயரின் பின்பாதிக்குப் பொருள்.

ஆபத்து தெரிந்த பிறகும் தோட்டத்துரைமார் ஏன் கோப்பியை மேலும் மேலும் நட்டார்கள்? இந்தக் கதையின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. 1870களில் உலகச் சந்தையில் கோப்பி விலை நன்றாக உயர்ந்தது. ஏக்கருக்குக் கிடைத்த விளைச்சல் குறைந்தாலும் விலை அதை ஈடு செய்தது. விளைச்சல் குறைவதை விலையேற்றம் மறைத்தபடியால், பழைய தோட்டங்களில் நோய் பரவிக்கொண்டிருக்க, புதிய காடுகள் வெட்டப்பட்டன. 1878 அளவில் கோப்பி நின்ற நிலம் ஏறக்குறைய 275,000 ஏக்கர்.

அக்கரப்பத்தனை இந்தப் பிந்திய அலையில் திறக்கப்பட்ட நிலம். திம்புள்ளைப் பகுதியும் அதில் ஆக்ரா ஓயா பாயும் இந்தப் பள்ளத்தாக்கும் கண்டிக்கு அண்மையிலுள்ள தோட்டங்களைப் போல முதலில் எழுந்தவை அல்ல. விலை உச்சத்தில் நின்றபோது உயர்ந்த விலைக்கு முடிக்குரிய காடுகளை வாங்கி, கடனை வாங்கி, காட்டை அழித்து உருவாக்கப்பட்டவை. பெல்மோரல், கிளாஸ்கோ, வேவர்லி என்ற பெயர்களே திறந்தவர்கள் எந்த நாட்டின் நினைவோடு வந்தார்கள் என்பதைச் சொல்கின்றன. காட்டை அழித்தவர்களின் பெயர்கள் எந்தத் தோட்டத்துக்கும் வைக்கப்படவில்லை. 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைத் தாக்கிய கொடிய பஞ்சத்திலிருந்து தப்பி வந்த பலரும் அவர்களுள் அடங்குவர்.

1880இல் அரசாங்கம் ஹரி மார்ஷல் வார்ட் என்ற இளம் விஞ்ஞானியை நோயை ஆராய அழைத்தது. அவர் இரண்டு ஆண்டுகள் இங்கிருந்து ஆராய்ந்து, நோயின் வித்துகள் காற்றில் பறந்து பரவுகின்றன என்பதைக் காட்டினார். மலைக்கு மலை இடைவெளியில்லாமல் ஒரே பயிரை நட்டிருந்ததால் காற்றுக்கு வேலை எளிதாயிற்று. பரிகாரம் மட்டும் அவரிடம் இருக்கவில்லை. செப்புச் சத்துக் கொண்ட பூஞ்சணக் கொல்லிகள் பரவலாக வந்தது அதற்குப் பின்னரே.

கடன் ஓடிய வழி

ஒரு செடியின் நோய் எப்படி ஒரு வங்கியைக் கொல்லும்? கடன் எந்த வழியே ஓடியது என்பதைப் பார்த்தால் விளங்கும்.

தோட்டத்துரையிடம் பெரும்பாலும் சொந்தப் பணம் போதுமான அளவு இருக்கவில்லை. தோட்டத்தையும் வரப்போகும் அறுவடையையும் ஈடு வைத்து, கொழும்பு ஏஜென்சிக் கம்பெனிகளிடம் கடன் வாங்கினார். அக்கம்பெனிகள் வங்கியிடம் வாங்கின. செட்டிமாரும் வங்கியிடம் வாங்கி, அரிசி வியாபாரிகளுக்கும் பிறருக்கும் கொடுத்தனர். இவ்வாறு வந்த பணத்தில் துரை கங்காணிக்கு முற்பணம் கொடுத்தார். கங்காணி ஊருக்குப் போய் ஆட்களைக் கூட்டி வந்து, அந்தச் செலவை அவர்கள் தலையிலேயே கடனாக எழுதினார். தொழிலாளி உழைத்தார், கோப்பி கப்பலேறியது, லண்டனில் விற்றது, பணம் அதே வழியில் திரும்பி வந்து கடன்களை அடைத்தது. இந்தச் சங்கிலியின் ஒரு முனையில் லண்டன் வங்கிப் பங்குதாரர்; மறு முனையில் லயத்தில் இருந்த தொழிலாளி.

விளைச்சல் விழுந்ததும் சங்கிலி முழுவதும் ஆடியது. 1880களின் தொடக்கத்தில் விலையும் இறங்கியது. பிரேசில் பெருவாரியாகக் கோப்பியை அனுப்பிக்கொண்டிருந்தது. ஈடாக வைக்கப்பட்ட தோட்டத்தை வங்கி எடுத்துக்கொள்ளலாம். ஆனால் செத்த கோப்பி நின்ற மலையை வாங்க ஆளில்லை. மொரீசியஸ் கரும்புத் தோட்டங்களிலும் இவ்வங்கியின் பணம் சிக்கியிருந்தது. இதற்கு மேலாக வெள்ளியின் விலையும் சரிந்தது. 1870களில் ஜேர்மனி முதலிய நாடுகள் வெள்ளி நாணயத்தைக் கைவிட்டுத் தங்கத்துக்கு மாறின. உலகில் வெள்ளி மலிந்தது. முன்பு ஏறக்குறைய இரண்டு சிலிங் பெறுமதியாக இருந்த ரூபா, 1884 அளவில் ஒரு சிலிங் ஏழு பென்சுக்கு இறங்கியிருந்தது. கிழக்கே வெள்ளியில் கடன் கொடுத்து, லண்டனில் தங்கத்தில் கணக்குக் காட்டவேண்டிய ஒரு வங்கிக்கு இது மெதுவாக இரத்தம் வடிவதைப் போன்றது.

1884 மே 3

அன்று சனிக்கிழமை. ஓரியன்டல் வங்கி பணம் கொடுப்பதை நிறுத்திவிட்டது என்ற செய்தி தந்தி மூலம் பரவியது. இலங்கையில் புழங்கிய நோட்டுகளில் பெரும்பகுதி அந்த வங்கியினுடையவை. கொழும்பில் மட்டுமன்றிக் கண்டியிலும் மலைநாட்டுக் கடைத்தெருக்களிலும் அந்த நோட்டை வைத்திருந்த ஒவ்வொருவரும் ஒரே நேரத்தில் ஒரே கேள்வியைக் கேட்டனர்.

இந்த இடத்தில் இரண்டு விதமான கடன்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வங்கியில் பணத்தை வைப்பிலிட்டவர், வட்டிக்காகத் தாமே தெரிந்து வங்கியை நம்பியவர். நோட்டை வைத்திருந்தவரோ அப்படியல்லர். மாட்டை விற்றவர், பாக்கு விற்றவர், கடைக்காரர் எல்லோரும் வேறு நாணயம் கிடைக்காததால் அந்தத் தாளை வாங்கியவர்கள். அவர்கள் தம்மையறியாமல் லண்டன் கம்பெனி ஒன்றுக்குக் கடன் கொடுத்தவர்களாக இருந்தார்கள்.

நோட்டு செல்லாது போனால் என்ன நடக்கும்? அரிசி இறக்குமதி செய்பவர் நோட்டை வாங்கமாட்டார். அரிசி வராவிட்டால் தோட்டத்தில் ஆட்களை வைத்திருக்க முடியாது. ஏனெனில் தொழிலாளியின் சம்பளத்தில் பெரும் பகுதி அரிசியாகவே கொடுக்கப்பட்டுக் கணக்கில் கழிக்கப்பட்டது. சுங்கத் தீர்வையும் வராது. நாடே நின்றுவிடும்.

அப்போது ஆளுநராக இருந்தவர் சேர் ஆர்தர் கோர்டன். பதவியேற்று ஆறு மாதம்கூட ஆகவில்லை. லண்டனின் முன் அனுமதிக்குக் காத்திராமல், ஓரியன்டல் வங்கியின் நோட்டுகளுக்கு அரசாங்கம் பொறுப்பு என்று அவர் அறிவித்தார். பீதி அடங்கியது. ஒரு தனியார் வங்கியின் கடனை அரசாங்கம் தன் தலையில் ஏற்பதா என்று கேட்க இடமிருந்தது. ஆயினும் அந்த நேரத்தில் இதைவிட மலிவான வழி இருந்ததாகத் தெரியவில்லை. வைப்பிலிட்டவர்களுக்கு இந்தப் பொறுப்பு நீட்டப்படவில்லை; அவர்கள் வங்கியின் சொத்துகள் விற்றுத் தீர்க்கப்படும் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

அரசாங்கத்தின் ஐந்து ரூபா

பொறுப்பை ஏற்றபின், நோட்டு அச்சிடும் உரிமையையும் இலாபத்தையும் வங்கிகளிடம் விட்டுவைக்க அரசாங்கத்துக்குக் காரணமில்லை. 1884ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கக் கடதாசி நாணயச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. நாணய ஆணையாளர் சபை ஒன்று அமைக்கப்பட்டது. 1885 முதல் அரசாங்க நோட்டுகள் புழக்கத்துக்கு வந்தன. ஐந்து ரூபா நோட்டு அவற்றுள் ஒன்று. இலங்கை அரசாங்கம், கொண்டுவருபவருக்குக் கேட்டவுடன் ஐந்து ரூபா தருவதாக வாக்களிக்கிறது என்பதே அதன் வாசகத்தின் சாரம். வாக்குறுதி அதுவே, வாக்களித்தவர் மட்டும் மாறிவிட்டார்.

இந்தச் சபையின் வேலைமுறை மிக எளிமையானது. நோட்டை வெளியே விடும்போது அதற்கு ஈடான பெறுமதியை உள்ளே வைத்திருக்க வேண்டும். அதில் ஒரு பகுதி வெள்ளி நாணயமாகப் பெட்டகத்தில் இருக்கும். மறுபகுதி வட்டி தரும் நம்பகமான கடன்பத்திரங்களாக இருக்கும். அந்த வட்டி அரசாங்கத்துக்கு வருமானம். அரசாங்கத்துக்குச் செலவு அதிகம் என்பதற்காக ஆணையாளர்கள் நோட்டு அச்சிட முடியாது. இந்த முறை, பின்னர் பல மாற்றங்களோடும் இந்திய ரூபாவுடன் கட்டுண்டும், 1950இல் மத்திய வங்கி திறக்கப்படும் வரை நீடித்தது.

அந்த ஐந்து ரூபா லயத்து வாழ்க்கையில் எவ்வளவு பெரிய தொகை? அக்காலத்தில் ஆண் தொழிலாளி ஒருவரின் நாட்சம்பளம் சுமார் 33 சதம். பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் அதைவிடக் குறைவு. ஆகவே ஐந்து ரூபா என்பது பதினைந்து நாள் உழைப்பு. அரிசிக் கணக்கும் கங்காணிக் கடனும் கழிந்தபின் மாதக் கடைசியில் அவ்வளவு தொகை முழுதாகக் கைக்கு வருவது அரிது. அரசாங்கம் காப்பாற்றிய நோட்டுகளில் தொழிலாளியின் மடியில் இருந்தவை சொற்பம் என்று ஊகிப்பதில் தவறில்லை.

(சின்னத் தொகைக்கான நோட்டுகள் வெகுகாலத்துக்குப் பின்னரே வந்தன. ஒரு ரூபா, இரண்டு ரூபா நோட்டுகள் முதலாம் உலகப்போர்க் காலத்தில், 1917இல் வந்தன. இரண்டாம் போரின்போது உலோகம் தட்டுப்பாடானதால் 1942இல் சத நோட்டுகளும் அச்சாயின. அவற்றுள் ஐந்து சத நோட்டின் நடுவே துளைக்கோடு இருந்தது; கிழித்தால் ஒரு பாதி இரண்டு சதம், மறு பாதி மூன்று சதம்!)

தொழிலாளிக்குத் தரவேண்டிய கடன்

நோட்டு ஒரு வாக்குறுதி என்றால், செய்து முடித்த வேலைக்கான சம்பளமும் ஒரு வாக்குறுதியே. வேலை நடந்துவிட்டது, செக்றோலில் பெயர் விழுந்துவிட்டது, பணம் மட்டும் வரவில்லை. கோப்பி வீழ்ந்த ஆண்டுகளில் தோட்டங்கள் பலவற்றில் சம்பளம் மாதக்கணக்கில் பாக்கி நின்றது. தோட்டம் கைமாறும்போது, ஈடு பிடித்தவர் தமது கடனை முதலில் எடுத்துக்கொண்டார். தொழிலாளியின் பாக்கி காற்றில் போனது. இப்படிப் பார்த்தால், தோட்டத்துக்குத் தொழிலாளிகளும் கடன் கொடுத்துக்கொண்டிருந்தார்கள், வட்டியில்லாமல்.

ஓரியன்டல் வங்கி நோட்டுக்கு ஆளுநரின் கையொப்பம் உடனே கிடைத்தது. சம்பளப் பாக்கிக்குச் சட்டம் நடந்து வர அதிக காலம் எடுத்தது. 1880களில் வந்த சட்டங்கள் தொழிலாளியின் சம்பளத்துக்குத் தோட்டத்தின் மேல் முதலுரிமை தந்தன. 1889ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டம், ஒரு மாதச் சம்பளத்தை அம்மாதம் முடிந்து அறுபது நாட்களுக்குள் கொடுக்கவேண்டும் என்றது. அறுபது நாள்! சட்டத்தை மீறாமலே தொழிலாளியின் இரண்டு மாதப் பணத்தைத் துரை வைத்திருக்கலாம். அந்த இரண்டு மாதமும் சாப்பிடுவதற்குத் தொழிலாளி கங்காணியிடமும் கடையிலும் கடன்பட வேண்டும்.

அக்காலத்தில் தோட்டங்களில் இன்னொரு கடதாசியும் புழங்கியது. அதன் பெயர் 'துண்டு'. ஒரு தோட்டத்துரை கங்காணியிடம் எழுதிக் கொடுப்பது அது: இன்ன இன்ன ஆட்கள் எனக்கு இவ்வளவு கடன்பட்டிருக்கிறார்கள், அத்தொகையைத் தருபவருக்கு அவர்களை விடுவிக்கத் தயார். கங்காணி அந்தத் துண்டோடு மற்றத் தோட்டங்களுக்குப் போவார். ஆட்கள் தேவைப்பட்ட துரை கடனைக் கட்டி ஆட்களை எடுப்பார். சில வேளை கூடுதலாகவும் கொடுப்பார். கூடுதலாகக் கொடுத்ததும் ஆட்களின் கடனோடு சேரும். துண்டைக் காட்டிச் செட்டியாரிடம் கடன் வாங்கிய கங்காணிமாரும் உண்டு. ஆக, அதுவும் ஒருவகை நோட்டுத்தான். ஐந்து ரூபா நோட்டின் பின்னால் வெள்ளி நின்றது. துண்டின் பின்னால் மனிதர் நின்றனர். தேயிலை செழித்த காலத்தில் ஆட்களுக்குப் போட்டி கூடக் கூடத் துண்டுத் தொகையும் ஏறியது. 1921இல்தான் அது ஒழிக்கப்பட்டது.

தேயிலை வந்த வேகம்

கோப்பிக்குப் பதிலாக முதலில் பலர் சிங்கோனாவை நம்பினார்கள். காய்ச்சலுக்கான கொயினா மருந்து அதன் பட்டையிலிருந்து எடுக்கப்படுகிறது. 1886இல் 15 மில்லியன் இறாத்தலுக்கு மேல் பட்டை ஏற்றுமதியானது. அவ்வளவும் சந்தையில் குவிந்ததும் விலை விழுந்து அதுவும் முடிந்தது. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் நட்ட தேயிலையே நிலைத்தது. 1875இல் ஏறக்குறைய ஆயிரம் ஏக்கராக இருந்த தேயிலை, 1885இல் ஒரு இலட்சம் ஏக்கரையும், 1895இல் மூன்று இலட்சம் ஏக்கரையும் எட்டியது. ரயில் பாதை 1884இல், வங்கி விழுந்த அதே ஆண்டில், ஹட்டனுக்கும் மறு ஆண்டு நானுஓயாவுக்கும் வந்து சேர்ந்தது.

இந்த வேகத்துக்குத் துரைமாரின் துணிவையே காரணமாகச் சொல்வது வழக்கம். பணம் நம்பிக்கையோடு புழங்கியதும், சம்பளம் பாக்கி நின்றபோதும் ஆட்கள் வேலையை விடாததும் அதே அளவு காரணங்கள். கோப்பிக் கட்டைகளைப் பிடுங்கிய கைகளும் தேயிலைக் கன்றை நட்ட கைகளும் ஒன்றே. கோப்பி பருவப் பயிர்; ஆட்கள் அறுவடைக்கு வந்து ஊருக்குத் திரும்பலாம். தேயிலை ஆண்டு முழுவதும் கொழுந்து தருவது. ஆகவே குடும்பங்கள் லயங்களில் நிரந்தரமாகத் தங்கின.

வாக்குறுதி இல்லாத நோட்டு

இப்போது கையிலுள்ள நோட்டைப் பாருங்கள். நிதி அமைச்சரின் கையொப்பமும் மத்திய வங்கி ஆளுநரின் கையொப்பமும் இருக்கும். இந்த நோட்டு எத்தொகையையும் செலுத்தச் சட்டப்படி செல்லும் நாணயம் என்ற பொருளில் ஒரு வசனம் இருக்கும். கேட்டவுடன் வெள்ளி தருவோம் என்ற வாக்குறுதி இராது. அதைத் தேடிப் பயனில்லை. உலகெங்கும் நிலைமை இன்று இதுவே. நோட்டின் பின்னால் நிற்பது பெட்டக வெள்ளி அல்ல. அரசாங்கமும் மத்திய வங்கியும் அளவோடு நடந்துகொள்ளும் என்ற நம்பிக்கை.

பழைய நாணயச் சபை அளவை மீற முடியாது. ஆனால் பஞ்சமோ வேலையின்மையோ வந்தால் அதனால் ஒன்றும் செய்யவும் முடியாது. அந்தக் குறையைத் தீர்க்கவே 1950 ஓகஸ்ட் 28ஆம் திகதி மத்திய வங்கி திறக்கப்பட்டது. அமெரிக்கரான ஜோன் எக்ஸ்டர் முதலாவது ஆளுநரானார். தேவைக்கேற்பப் பணத்தைக் கூட்டவும் குறைக்கவும் அதற்கு அதிகாரம் கிடைத்தது. குறைப்பதைவிடக் கூட்டுவது எந்த ஆட்சிக்கும் எளிது.

2019 முடிவில் மத்திய வங்கியிடமிருந்த அரசாங்கப் பத்திரங்களின் பெறுமதி நூறு பில்லியன் ரூபாவுக்கும் குறைவு. 2021 முடிவில் அது ஆயிரம் பில்லியனைத் தாண்டிவிட்டது. அரசாங்கத்தின் பற்றாக்குறையை நிரப்பப் புதுப் பணம் உண்டாக்கப்பட்டது என்பதே இதன் பொருள். வெளிநாட்டு நாணயக் கையிருப்பு வற்றியது. 2022 மார்ச்சில் ரூபா கைவிடப்பட்டு, டொலர் ஒன்று 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியது. ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டியின்படி பணவீக்கம் 69.8 வீதம், உணவுப் பொருட்களுக்கு 94.9 வீதம்.

இனித் தோட்டக் கணக்கைப் பார்ப்போம். 2021இல் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாவாக்கப்பட்டது. அன்று அது ஐந்து டொலர். ஓராண்டு கழித்து அதே ஆயிரம் ரூபா மூன்று டொலருக்கும் குறைவு. தேயிலை வெளிநாட்டுக்கு டொலரில் விற்பது. ஆகவே கொழும்பு ஏலத்தில் 2021இல் கிலோவுக்குச் சராசரி சுமார் 620 ரூபாவாக இருந்த விலை 2022இல் 1,200 ரூபாவைத் தாண்டியது. கொழுந்தின் விலை ரூபாவில் ஏறக்குறைய இரட்டிப்பாக, கொழுந்து பறித்தவரின் நாட்சம்பளம் 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாவாக்கப்படும் வரை ஆயிரத்திலேயே நின்றது. தோட்டக் கம்பெனிகளுக்கும் செலவு ஏறியது உண்மை. 2021இல் இரசாயன உரத்துக்கு விதிக்கப்பட்ட தடையால் விளைச்சலும் விழுந்தது. 299 மில்லியன் கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 251 மில்லியனாகக் குறைந்தது. இவற்றையும் கணக்கில் சேர்த்தாலும், ரூபாவின் வீழ்ச்சியை முழுதாகச் சுமந்தவர் ரூபாவில் மட்டும் சம்பளம் வாங்கியவரே.

2023இல் பழைய கேள்வி வேறு உருவில் திரும்பி வந்தது. உள்நாட்டுக் கடனை மறுசீரமைத்தபோது யார் விட்டுக்கொடுப்பது? வங்கிகளின் கையிலிருந்த ரூபாக் கடன்முறிகள் அத்திட்டத்தில் சேர்க்கப்படவில்லை. சேர்த்தால் வங்கிகள் விழும், வைப்பாளர் பீதியடைவர் என்பது காரணம். 1884இல் கோர்டன் கண்ட அதே அச்சம். ஊழியர் சேமலாப நிதி சேர்க்கப்பட்டது. நிதியிடமிருந்த பழைய கடன்முறிகள் புதியவற்றுக்கு மாற்றப்பட்டன. அவற்றுக்கு முதலில் 12 வீத வட்டி, சில ஆண்டுகளின் பின் 9 வீதம். மாற்ற மறுத்தால் நிதியின் அவ்வருமானத்துக்கு வரி 14 வீதத்திலிருந்து 30 வீதமாகும் என்று சொல்லப்பட்டது. கணக்கிலிருந்த தொகை வெட்டப்படவில்லை. ஆனால் விலைவாசி ஏறக்குறைய இரு மடங்கான பின், கணக்கிலுள்ள தொகை பழைய பெறுமதியில் இல்லை.

அதே ஆண்டு வந்த 16ஆம் இலக்க மத்திய வங்கிச் சட்டம், அரசாங்கத்துக்கு மத்திய வங்கி நேரடியாகக் கடன் கொடுப்பதையும், அரசாங்கப் பத்திரங்களை முதல்நிலைச் சந்தையில் வாங்குவதையும் தடை செய்தது. நாணயச் சபையின் பழைய கட்டுப்பாட்டில் ஒரு பகுதி, 73 ஆண்டுகளுக்குப் பின், இவ்வாறு திரும்பியிருக்கிறது.

வாசகர் வட்டங்களுக்கு ஒரு வேலை. அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொருவரும் தமது கடைசிச் சம்பளத் துண்டைக் கொண்டு வாருங்கள். (அதையும் 'துண்டு' என்றே சொல்கிறோம்.) ஊழியர் சேமலாப நிதிக்காக உங்கள் சம்பளத்தில் 8 வீதம் கழிக்கப்பட்டிருக்கும், தோட்ட நிர்வாகம் 12 வீதம் சேர்க்க வேண்டும். கழிக்கப்பட்ட தொகை உங்கள் கணக்கில் வந்து சேர்ந்ததா என்பதை நிதியின் கணக்குக் கூற்றோடு மாதம் மாதமாக ஒப்பிட்டுப் பாருங்கள். வாசிக்கச் சிரமப்படும் மூத்தவர்களுக்கு உயர்தரம் படிக்கும் பிள்ளைகள் உதவலாம். குறைவு இருந்தால் மாதத்தையும் தொகையையும் ஒரு கொப்பியில் எழுதி, தொழிற்சங்கத் தலைவரிடமோ அருகிலுள்ள தொழில் அலுவலகத்திலோ எழுத்தில் கொடுத்து, கொடுத்த திகதியையும் குறித்துக்கொள்ளுங்கள்.